சுவருக்குப் பால் பொங்கிய கதை

சுவருக்குப் பெயின்ட் அடிக்கத் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் ஆம்பிளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. (கண்ணாடியிலும்தான்.)

தங்கை மாலதியின் முதல் ஓவியக் கண்காட்சி. நாங்கள் வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்தின், அந்த வரிசை வீடுகளின் அடுப்படிகளைத்தான் வரைந்திருந்தாள். கண்டி டவுனில் மண்டபம் எடுக்க வசதியில்லை. கொஞ்சம் தள்ளி, பிலிமத்தலாவையில் ஒரு பழைய வீட்டின் முன்கூடம் கிடைத்தது. சுவரோ, தொட்டால் சுண்ணாம்பு உதிரும்.

"பால் மாதிரி வெள்ளையா வேணும்ண்ணே. இல்லேன்னா என் படம் எடுபடாது. கூலிக்கு ஒரு மேசன் பாஸைக் கூப்பிடுவோமா?"

"பாஸ் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?"

சுரண்டினேன், ஓட்டைகளை அடைத்தேன், வெள்ளை அடித்தேன். மழைக் குளிரில் பெயின்ட் காய மறுத்தாலும் சுவர் பளபளவென்றுதான் இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனிதன்.

புதுசாக்கிய இடத்தில் பால் பொங்காமல் ஒரு காரியம் தொடங்குவதா? திறப்புவிழா அன்று காலையில் சுபநேரம். வெளியே கொட்டும் மழை. கூடத்துக்குள்ளேயே, சுவரோரமாகச் செங்கல் அடுக்கி, பானையை வைத்துத் தேங்காய் மட்டையைக் கொளுத்தினேன். மட்டை நனைந்திருந்தது. நேரம் தப்பிவிடுமே என்று அட்டையால் விசிறு விசிறென்று விசிறினேன். எழும்பிய புகையெல்லாம் ஈரப் பெயின்டில் போய் ஒட்டிக்கொண்டது.

படங்களோடு வந்த மாலதி வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவர் முழுக்கக் கரி.

"பால் கிழக்கால பொங்கிச்சும்மா... நல்ல சகுனம்" என்றேன்.

"அண்ணே, பேசாம வெளிய போங்க!"

அவள் கண் கலங்கியிருந்தது. ஐயோ, எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. துடைக்கத் துடைக்கக் கரி பரவியது. வேறு வழியில்லாமல் அதன் மேலேயே படங்களை மாட்டினாள்.

முதலில் வந்தது, தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த எங்கள் சித்தி. சுவரைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார்.

"அடியே, நம்ம லயத்து அடுப்படியேதான்டி! வாசத்தையும் சேத்துல்ல கொண்டாந்திருக்க!"

அம்மாவின் அடுப்பை வரைந்த படத்தின் முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதார். பின்னால் வந்த சனமும் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. மாலதி என்னை முறைத்துப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

போன மாதம் கொழும்பில் அவளுக்கு இன்னொரு கண்காட்சி. ஏசி போட்ட பெரிய மண்டபம். அதற்கு முதல் நாள் போன் அடித்தாள்.

"அண்ணே, இங்க சுவரெல்லாம் ரொம்ப வெள்ளையா இருக்கு. ஒருக்கா வந்து பால் பொங்கிட்டுப் போங்களேன்!"