வாத்து எண்ணப் போன சனிக்கிழமை

அன்றைக்குக் கடலணையில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்.

பெனிற்றா. தூத்துக்குடிப் பிள்ளை. எங்கள் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் கடல் வாத்து ஆராய்ச்சி.

பேத்தர்சன் அம்மா. ஜேர்மன்காரி. முந்தித் தபால் கொடுத்தவ. முப்பது வருடமாக இந்தக் கரையில் சம்பளமில்லாமல் பறவை எண்ணுறா. (விசர் இல்லை. நல்ல மனுசி.)

நான். பேக்கரிக்குப் பாண் வான் ஓட்டுகிறவன். வாத்து என்றால் கறி என்ற அளவுக்குத்தான் படிப்பு.

வாத்துகள். அவை தூரத்தில், தண்ணீரில்.

காகம் ஒன்றுகூட இல்லை. கரைச்சல் அங்கேதான் தொடங்கியது.

நான் போனதுக்குக் காரணம் லைசென்ஸ். பெனிற்றாவின் இந்திய லைசென்ஸ் இங்கே ஆறு மாதம்தான் செல்லும். அது முடிந்துவிட்டது. "பிள்ளையைக் கொண்டுபோய் விடுங்கோ" என்றாள் மனைவி. விட்டேன். விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கவேண்டும்.

முந்தின மாரியில் ஒரு கப்பல் அந்தக் கரையில் எண்ணெயைக் கொட்டிவிட்டது. செத்த வாத்துகளை வாளியில் அள்ளினார்களாம். பேத்தர்சன் அம்மா அவ்வளவுதான் சொன்னா. தொலைநோக்கியைத் துடைத்தா.

மிஞ்சினவை திரும்பி வந்தனவா என்று பார்ப்பதுதான் பெனிற்றாவின் வேலை. கடல் நிரம்புகிற நேரம் பார்த்து, கரை முழுக்க ஆட்கள் ஒரே நேரத்தில் எண்ணுவார்கள். ஒரு குடாவில் எழும்பி அடுத்த குடாவில் இறங்கினால் அதே வாத்து இரண்டு தரம் கணக்கில் வந்துவிடும். அதனால் நாள் குறித்து, நேரம் குறித்து எண்ணவேண்டும். (குறித்த நேரத்துக்கு இங்கே டெர்மின் என்பார்கள். இந்த நாட்டில் வாத்துக்கும் டெர்மின்.)

முதல் டெர்மின் பனிப்புகாரில் ஒன்றும் தெரியாமல் போனது. இரண்டாவதும் அப்படியே.

"இன்னைக்கும் கவுன்ட் வரலைன்னா ரிப்போர்ட்ல நம்ம குடாவே இருக்காது அங்கிள்" என்றாள் பெனிற்றா. "கான்ட்ராக்ட் டிசம்பரோட முடிஞ்சிரும். அப்புறம் தூத்துக்குடிக்கு டிக்கெட்தான்."

"ஒண்டும் நடக்காது பிள்ளை" என்றேன். என் வாய் அப்படி.

அன்றைக்குப் புரட்டாதிச் சனி. கடைசிச் சனி. எனக்கு ஏழரை நடக்கிறதென்று மனைவி முடிவு கட்டியிருந்தாள். காகத்துக்கு வைக்காமல் நான் வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது. வீட்டிலென்றால் சுப்பர்மார்க்கெட் வாகனத் தரிப்பிடத்துக் காகம் பல்கனிக்கு வரும். நேரத்துக்கு வரும். ஜேர்மன் காகம்.

இங்கே காற்றுத்தான் வந்தது.

விடியத் தேத்தண்ணி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வானுக்குள் எள்ளுச்சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல். கடல் நிரம்ப இன்னும் மூன்று மணித்தியாலம். அணையில் நடந்தேன். திரும்பி நடந்தேன். வானுக்குப் போய்ச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மணந்து பார்த்தேன். மூடினேன். திரும்பி வந்தேன்.

"நீங்கள் நடக்க என் தொலைநோக்கி ஆடுகிறது" என்றா பேத்தர்சன் அம்மா.

நின்றேன். நிற்க ஏலாது. திரும்பவும் நடந்தேன்.

மனைவி போன் எடுத்தாள்.

"வைச்சியளோ?"

"இல்லை. காகம் இல்லை."

"வடிவாப் பாருங்கோப்பா. காகம் இல்லாத ஊர் எங்கை இருக்கு?"

பார்த்தேன். அணையிலிருந்து கடலுக்குள் நீளமாக ஒரு கல்வரிசை போகிறது. அதன் நுனியில் ஒன்று நின்றது. கறுப்பு.

"ஒண்டு நிக்குது."

"கறுப்போ?"

"கறுப்பு."

"அப்ப என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? போய் வையுங்கோ."

அந்த நேரம் பார்த்து எண்ணத் தொடங்கிவிட்டார்கள். பெனிற்றா தொலைநோக்கிக்குள். கையில் எண்ணும் கருவி. டிக், டிக், டிக். பேத்தர்சன் அம்மா மற்றப் பக்கத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தா. இரண்டு பேரும் என்னைக் காணவில்லை. குழப்பக்கூடாதென்று நானும் சொல்லவில்லை. (பண்பு.)

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்வரிசையில் இறங்கினேன். வேலைக்குப் போடுகிற செம்மஞ்சள் ஜாக்கெட். பாசி வழுக்கிற்று. பாதி தூரம் போக அந்தக் கறுப்பு இரண்டு செட்டையையும் விரித்து என்னைப் பார்த்தது. பெரிய காகமென்று நினைத்தேன். பசி. கிட்டப் போகப் பறந்துவிட்டது.

வந்தது வந்தாச்சு. கல்லில் சோற்றை வைத்துக் கூப்பிட்டேன்.

"கா... கா..."

காற்று அதைத் தின்றுவிட்டது. பிறகு பலமாகக் கூப்பிட்டேன்.

காகம் வரவில்லை. கடற்புறா வந்தது. முதலில் ஒன்று. பிறகு அந்தக் கரையில் இருந்ததெல்லாம். ஒன்று பொரியலை என் கையிலிருந்தே பறித்தது. இன்னொன்று தலையில் இறங்கியது. எவர்சில்வர் மூடியை எடுத்து வீசி வீசி ஆட்டினேன். வெயிலில் மினுங்கியிருக்கும். கத்தியதும் ஞாபகம். என்ன சொல்லிக் கத்தினேன் என்று எழுத ஏலாது. கால் வழுக்கியது.

இடுப்பளவு தண்ணீரில் இருந்தபடி பார்த்தேன். முன்னால் கடல் முழுக்க எழும்பியது. கறுப்பும் வெள்ளையும் மண்ணிறமுமாக வாத்துகள், வரிசை வரிசையாக, என் தலைக்கு மேலால் அடுத்த குடாவுக்கு. வடிவான காட்சி. வேறு ஒரு நாளில் பார்த்திருக்கலாம்.

"அங்கிள்ள்ள்!"

அணையிலிருந்து கேட்டது. பேத்தர்சன் அம்மாவும் ஒரு சொல் சொன்னா. அந்தச் சொல்லை மொழி வகுப்பில் படிப்பிக்கவில்லை.

நனைந்து ஏறி வந்தேன். பெனிற்றா கருவியைக் காட்டினாள். பாதிகூட எண்ணி முடியவில்லை.

"என்ன அங்கிள் பண்ணீங்க?"

"காகத்துக்கு வைச்சனான்."

"அது கார்மரண்ட் அங்கிள். மீன் திங்கிறது. சோத்தைத் திரும்பிக்கூடப் பாக்காது."

கருவியைப் பைக்குள் போட்டாள். வானுக்குள் போய் இருந்தாள். ஏசியிருந்தால் நல்லது. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் வெளியே நின்று சொட்டினேன்.

பேத்தர்சன் அம்மா எனக்கு ஒரு சீஸ் பாண் தந்தா. விரதம் அதோடு சரி. பிறகு பெனிற்றாவின் மேலதிகாரிக்குப் போன் எடுத்தா.

"பிள்ளையில் பிழை இல்லை. எண்ணுகிற நேரம் ஒரு மனிதன் கடலுக்குள் போய்விட்டான்."

அந்த மனிதன் பக்கத்தில் நின்று பாண் தின்றான்.

"பறவைக்குச் சாப்பாடு வைத்தான்... இல்லை, சுற்றுலாப் பயணி இல்லை... சமயக் காரணம்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"ஓமாம்" என்றா பேத்தர்சன் அம்மா கடைசியில். "அடுத்த டெர்மின் வரைக்கும் அறிக்கையை நிறுத்தி வைக்கிறாராம். இரண்டு கிழமை. பதினாலு நாள், அதற்கு மேல் இல்லை."

வீட்டுக்குப் போக மனைவி வாசலில்.

"வந்ததோ?"

"வந்தது."

"காகமோ?"

"கொஞ்சம் வெள்ளை."

பின்னேரத்துக்குள் கதை டோர்ட்மண்டில் இருக்கிற மச்சான் வீடு வரை போய்விட்டது.

அந்த இரண்டு கிழமையும் நான் படுத்து நித்திரை கொள்ளவில்லை. வானொலியில் காலநிலை கேட்டேன். பனிப்புகார் என்றால் யன்னலைத் திறந்து பார்த்தேன். மேல் அறையில் பெனிற்றா பெட்டி அடுக்குகிற சத்தம் கேட்டால் எழும்பி இருந்தேன். (உடுப்புத்தான் மடித்தவளாம்.)

டெர்மின் அன்று ஐப்பசி பிறந்துவிட்டது. விரதம் இல்லை. வானம் வெளிப்பு. அணைக்கு இந்தப் பக்கம், கடலுக்கு முதுகு காட்டி வானை நிறுத்தச் சொன்னா பேத்தர்சன் அம்மா. வான் திறப்பையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டா. நான் உள்ளே இருந்தேன். முன்னால் செம்மறிகள். அவற்றைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெனிற்றா ஓடிவந்து கண்ணாடியில் தட்டினாள்.

"முடிஞ்சிருச்சு அங்கிள்! முழு கவுன்ட்!"

"எல்லாம் வந்திட்டினமோ?"

"எல்லாம் இல்ல. எண்ணெய்க்கு முன்னாடி இருந்ததுல பாதிகூட இல்ல. ஆனா வந்திருக்கு."

அழுதாளா சிரித்தாளா தெரியாது. காற்று.

கான்ட்ராக்ட் ஒரு வருடம் நீண்டது. இன்னும் எங்கள் மேல் அறையில்தான் இருக்கிறாள். நான் பாணுக்கு வெளிக்கிட்டால் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள்: "ஒருத்தரும் எழும்பிப் பறக்காமல் போட்டு வாங்கோ."

அறிக்கை வந்த அன்று பெனிற்றா அதைக் குசினியில் வைத்து வாசித்தாள். மூன்றாவது டெர்மினில் வாத்துகளை என்னென்ன குழப்பியது என்று ஒரு இடத்தில் போட்டிருந்தது. என் மகள் அதைப் பாடமாக்கிவிட்டாள். வீட்டுக்கு ஆர் வந்தாலும் தேத்தண்ணி வைக்க முதல், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரிச் சொல்லிக் காட்டுவாள்.

நாய், 0. படகு, 0. விமானம், 0. மனிதர், 1.