செனட்டர் அந்த அறைக்கு வரமாட்டார்

"அவன் அறைக்கு நான் போகமாட்டேன். வேணும்னா அவன் வரட்டும்!" என்றார் செனட்டர் ஹாலிஸ்டர்.

எதிர்முகாம் செனட்டர் பெட்டிகுரூவும் சற்றுமுன் இதையேதான் சொல்லியிருந்தார். செனட்டின் செலவு மசோதாக் குழு எழுத்தர் ரோவீனாவுக்குத் தலை சுற்றியது.

நன்றி நவிலும் பண்டிகை (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறை முடிந்து இருவரும் வாஷிங்டனுக்குத் திரும்பியிருந்தார்கள். வியாழன் நள்ளிரவுக்குள் செலவு மசோதாவில் ஒத்துப்போகாவிட்டால் பணமில்லாமல் அரசு அலுவலகங்கள் மூடப்படும். நீதிமன்றத்தில் திருமண உரிமம் தரும் ஜன்னலும் மூடப்படும். ரோவீனாவுக்கு அங்கே வெள்ளிக்கிழமை காலைதான் முறை கிடைத்திருந்தது. சனிக்கிழமை கல்யாணம்!

அவள் பொதுவான அறை ஒன்றைப் பிடித்தாள். யார் முதலில் உள்ளே போவது என்று அதிலும் தகராறு. பண்டிகையில் மிஞ்சிய வான்கோழியில் சாண்ட்விச் செய்து வைத்தாள்.

"இது பெட்டிகுரூ ஊர் வான்கோழியா? எடுத்துட்டுப் போ!" என்றார் ஹாலிஸ்டர்.

வேறு வழியில்லாமல் மசோதாக் காகிதங்களைத் தானே சுமந்து இரு அறைகளுக்கும் நடந்தாள். சூட்டைத் தணிக்கலாமென்று பெட்டிகுரூவிடம் ஒரு பொய்யும் சேர்த்தாள்.

"தயவுசெஞ்சு பாருங்கன்னு ஹாலிஸ்டர் சொன்னார், சார்."

"தயவா? அவனா?" பெட்டிகுரூ துள்ளி எழுந்தார். "இதுல ஏதோ சூது இருக்கு!" என்று, ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்த மூன்று பக்கங்களையும் கோடு போட்டு அடித்துவிட்டார்.

அப்போதுதான் அவர் காலைக் கவனித்தாள். ஒரு காலுறை நீலம், இன்னொன்று பச்சை. ஹாலிஸ்டர் காலிலும் காலையில் அதே கோலம்! ஏதாவது சங்கேதமா? அவளால் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

வியாழன் மாலை வாசற்படியில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். காவலர் க்ளைட் காகிதக் கைக்குட்டை நீட்டினார்.

"கல்யாணமும் போச்சு, க்ளைட். அந்தக் காலுறை மர்மமாவது உங்களுக்குத் தெரியுமா?"

க்ளைட் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ரெண்டு மாசமா ரெண்டு பேரும் எங்க அக்கா வீட்டு மாடியிலதானேம்மா ஒண்ணா வாடகைக்கு இருக்காங்க, துணியும் ஒண்ணாத்தான் துவைக்கிறாங்க! மசோதா ஞாயித்துக்கிழமையே சமையலறையில முடிஞ்சுபோச்சு, கடைசி நிமிஷம் வரைக்கும் மல்லுக்கட்டினாத்தானே அவங்க ஊர்ல ஓட்டு விழும்? உன் கல்யாணத்துக்கு என்ன பரிசு வாங்குறதுங்கறதுலதான் இன்னும் ஒத்துவரல!"