சாமான் அறைக் கதவும் ஒன்பது மில்லிமீட்டர் உதையும்

இனி உதை வாங்குவதில்லை என்று யசீகரன் முடிவெடுத்தான். உதைத்தது மனைவி இல்லை, துப்பாக்கி. மனைவி உதைத்தால் முடிவெடுத்துப் பிரயோசனமில்லை.

மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற அவனுக்கு ஞாயிறு என்றால் துப்பாக்கி கிளப். ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடுகிற, கார்பைன் என்கிற குட்டைத் துப்பாக்கி வைத்திருந்தான். தோட்டா சின்னது, திமிர் பெரிது. ஒவ்வொரு வெடிக்கும் உள்ளே இருக்கிற இரும்புக் கட்டி பின்னால் ஓடிவந்து மோதும். தோளில் இடிக்கும். குறிபார்க்கிற சிவப்புப் புள்ளி தவளை மாதிரித் துள்ளும். அது திரும்பி வந்து உட்காருவதற்குள் மற்றவர்கள் சுட்டு முடித்து டீ குடிப்பார்கள்.

இதற்கு மருந்து பஃபர். விரல் நீளக் குழாய், உள்ளே எண்ணெய். ஓடிவரும் இரும்பை மெத்தை மாதிரி வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்க முடியாது. சாமான் அறைக் கதவைத் திருத்தும்வரை துப்பாக்கிக்கு ஓர் ஆணிகூட வாங்கமாட்டேன் என்று மனைவி கஜந்தினியின் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணியிருந்தான். அந்தக் கதவு அடித்தால் அவர்கள் குடியிருக்கிற தகனினி முழுக்கக் கேட்கும். சத்தியம் மீறினால் கிளப்புக்கே முழுக்கு.

ஆகவே களவாக வாங்கினான். பார்சல் வந்தபோது குளித்துக்கொண்டிருந்தான். அதுதான் பிழை.

"இஞ்சேருங்கோ, என்ன சாமான் இது?"

"அது... பஃபர்."

"எதுக்கு?"

"அடிக்காமல் இருக்கிறதுக்கு."

"ஆர் ஆருக்கு அடிக்கிறது?"

"கதவப்பா! சாமான் அறைக் கதவு! மெதுவா மூடும்."

"என்ர ராசா! அப்ப இப்பவே பூட்டுங்கோ."

துவாயோடு நின்றபடி, பழக்கதோஷத்தில் ஒருதரம் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, கதவில் பொருத்தினான். கொடுமை என்னவென்றால் அது வேலை செய்தது. கதவு பூனை மாதிரி வந்து உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு மலேசியக்காரி சீதாதேவி வந்து திறந்து திறந்து மூடிப் பார்த்தார்.

"என்னாங்க, வெண்ணெய் மாதிரி போவுது லா! எங்க வீட்டுக்கும் போட்டுக் குடுங்க."

"ஓம் அக்கா, இவர் நல்ல கைராசிக்காரர்," என்றாள் கஜந்தினி.

யசீகரன் பல்லைக் காட்டினான். சிரிப்பு என்று சொல்ல முடியாது.

போட்டி நாள் காலை. கஜந்தினி குளிக்கப் போனதும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். அவள் கட்டிவைத்த சாப்பாட்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பறந்தான். பின்னேரம் திரும்பப் பூட்டிவிட்டால் முடிந்தது. மகா திட்டம்.

கிளப்பில், தோட்டா இல்லாத துப்பாக்கியைக் கழற்றிப் பார்க்கிற மேசையில், சாமானை எடுத்தான். நுழையவில்லை. திருப்பினான். நுழையவில்லை. கண்ணாடி போட்டுப் பார்த்தான். 'அலுமாரிக் கதவுக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

போன் எடுத்தான். வேறு வழி?

"கஜா, கதவில இருந்த சாமான்..."

"கதவில இருக்கிறது ஏன் கிளப்புக்கு வந்தது?"

பின்னால் யாரோ படபடவென்று சுட்டார்கள்.

"அது துப்பாக்கிச் சாமானப்பா. பொய் சொல்லிப்போட்டன்."

"தெரியும். கதவுக்கு வாங்கின ஆள் கதவில எல்லோ வச்சுப் பாக்கோணும்? நீங்கள் துவாயோட நிண்டு தோளில வச்சுப் பாத்தனீங்கள். நான் ஹார்ட்வேர் கடையில கதவுக்குரியதை வாங்கி மாத்திட்டன்."

"அப்ப என்ர எங்க?"

"புட்டுக்குக் கீழ. பையில சுத்தி வச்சிருக்கு. துடைச்சிட்டுப் போடுங்கோ."

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து தோண்டினான். இருந்தது, தேங்காய்ப்பூ வாசத்தோடு. நெஞ்சு குளிர்ந்தது.

"அப்ப நான் கிளப்பை விடத் தேவையில்லையே?"

"சீச்சீ, ஆர் விடச் சொன்னது? வடிவாச் சுடுங்கோ. ஆனா இண்டைக்கு வெள்ளன வாங்கோ, சீதாதேவி அக்கா வீட்டில பதினொரு கதவு. அடுத்த ஞாயிறு அவவின்ர தங்கச்சி வீடு. அதுக்கடுத்த ஞாயிறு கோயில் மண்டபம். எல்லாருக்கும் ஓம் எண்டு சொல்லிட்டன்."