நனையாத மழைமானி

மகத்தான விஞ்ஞான நிறுவனம் எதுவாயினும் எழுதப்படாத ஒரு விதியின் மீதே எழும்பி நிற்கிறது. ஈரநில, நீர்ப்பிடிப்பு ஆய்வு மையத்தின் விதி இது: மழையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்; மழைமானி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது.

அது இயக்குநரின் அறையில், ஏசிக்கு நேர் கீழே, பட்டுத் துணி விரித்த முக்காலியின் மேல் இருந்தது. பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு முற்றத்தில் நிறுவப்பட்டபோது, ஒரே மழையில் அதன் பளபளப்பு மங்கிவிட்டது. விஞ்ஞானக் கருவி நனையலாமா? மறுநாளே உள்ளே எழுந்தருளியது. அன்று முதல் மையத்தின் 'தரவு'களில் அபூர்வமான ஒழுங்கு குடிகொண்டது. மழைக்காலம் முழுவதும் பூஜ்யம். ஏசி ஒழுகும் கோடையில் மட்டும் நாளுக்கு இரண்டு மில்லிமீட்டர். கோடை மழையின் எழுச்சி குறித்து இயக்குநர் வாசித்த கட்டுரைக்கு மூன்று மாநாடுகள் எழுந்து நின்று கைதட்டின.

மண் அரிப்பு ஆய்வாளராகச் சேர்ந்தவள் ஏழு ஆண்டுகளாக இவ்விதியைச் சிரத்தையோடு கடைப்பிடித்தாள். மையத்தின் கண்காணிப்பிலிருந்த மலைச்சரிவில் மழையே பெய்யாதபோது மண் எப்படி அரிக்கப்படும்? ஆகவே அவளது ஆண்டறிக்கை இரண்டே சொற்களில் முடியும்: 'அரிப்பு இல்லை.' சுருக்கமான நடைக்காக அவளுக்கு ஒரு கேடயமும் கொடுத்திருந்தார்கள்.

அன்று ஆய்வுக்குழு இயக்குநரின் அறையில் கூடியது. மூன்று நாளாகக் கொட்டிய மழையின் இரைச்சலில், பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசவே ஒலிவாங்கி தேவைப்பட்டது. பொருள்: சரிவின் அடியிலுள்ள சதுப்பைத் தூர்த்து, அதன் மேல் 'ஈரநிலப் பாதுகாப்பு மாளிகை' எழுப்புதல். சரிவில் அரிப்பு இல்லை. எனவே அடித்து வரும் வண்டலைப் பிடித்து வைக்கச் சதுப்பும் தேவையில்லை. தர்க்கத்தில் ஓட்டை ஏதுமில்லை. அவளுடைய கையெழுத்துதான் பாக்கி.

பேனாவைத் திறந்தபோது தொலைபேசி அதிர்ந்தது. சதுப்புக்கு அடுத்த தெருவிலிருந்து அக்கா.

"ஏன்டி, சமையலறை வரைக்கும் சேறு வந்துடுச்சு. மாமியாரைக் கட்டில் மேல ஏத்தி உக்கார வெச்சிருக்கேன். 'உன் தங்கச்சி என்னதான் படிச்சா?'ன்னு அங்கேருந்து கேக்கறாங்க. மண்ணைப் பத்தின்னு சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு. அந்தச் சதுப்பையும் தூர்த்துட்டீங்கன்னா, அப்புறம் அவங்களைப் பீரோ மேலதான் ஏத்தணும்!"

அவள் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னம்மா யோசனை?" என்றார் இயக்குநர்.

"வெளியே மழை பெய்யுது சார். எங்க அக்கா வீட்டுச் சமையலறை வரைக்கும் சேறு வந்துடுச்சாம்."

"அது உங்க தனிப்பட்ட கருத்து. பதிவாளரே, இன்னிக்கு அளவு?"

"பூஜ்யம் சார்" என்றார் பதிவாளர், சட்டைக் கையைப் பிழிந்துகொண்டே.

"நீங்களே தொப்பலா நனைஞ்சுதானே வந்திருக்கீங்க?" என்று அவள் கேட்டாள்.

"நான் என்ன அளவுக்கருவியா மேடம்? நான் நனைஞ்சதுக்கெல்லாம் பதிவேட்டுல இடமில்லை."

குழு அவரது அடக்கத்தை மெச்சியது.

"அக்கா வீட்டுச் சமையலறையை வெச்சு விஞ்ஞானம் பண்ண முடியாதும்மா" என்றார் இயக்குநர் கனிவோடு. "நம்மகிட்ட பதினொரு வருஷத் தரவு இருக்கு. அதுல ஏழு வருஷம் உங்க கையெழுத்து. எட்டாவதைப் போடுங்க, டீ ஆறுது."

அவள் கோப்பைப் புரட்டினாள். ஏழு தாள்கள். ஏழு 'அரிப்பு இல்லை.' எல்லாம் அவளுடைய அழகான கையெழுத்தேதான். பேனாவை மூடினாள். ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சார், மழைமானி எங்கே இருக்கு?"

ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் தன் காலணியை ஆராய்ந்தார். முக்காலி இருந்த பக்கம் மட்டும் எவர் தலையும் திரும்பவில்லை. அது பதினொரு ஆண்டுப் பயிற்சி.

"அம்மா, மைக் போட்டிருக்கு" என்றார் இயக்குநர், தணிந்த குரலில்.

"தெரியும் சார். பதிவாளரே, எழுதிக்குங்க. மழைமானி ஏசிக்குக் கீழ இருக்கு. இத்தனை வருஷமா அதை நனையாம காப்பாத்தினோம். அதுக்குப் பதிலா ஒரு தெருவையே நனைய விட்டோம். எனக்கும் ஏழு வருஷமா தெரியும். அதையும் சேர்த்து எழுதுங்க, கீழே கையெழுத்துப் போடறேன்."