நெமிலிச்சேரி சித்தப்பாவுக்கு, இரும்பு வளையம் குறித்து

பாரிவாக்கம்,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய ஜெயபால் சித்தப்பாவுக்கு எழிலரசி எழுதுவது.

ஒருவர் எழுபது வருடமாக ஒரே கதையை ஒரு சொல்கூட மாறாமல் சொல்லிவந்தால், அது உண்மை என்பதற்கு அடையாளமா, பொய் என்பதற்கா? எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் போன மாதம் மைக்கில் பேசிவிட்டேன்.

மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். அங்கே உங்கள் சர்க்கரையும் சித்தியின் முழங்காலும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். போனில் என் பெயரைப் பார்த்தாலே கட் பண்ணுகிறீர்களாம். "அவ எதுவா இருந்தாலும் எழுத்துல குடுக்கட்டும்" என்று சொன்னதாக லூர்தம்மாள் சித்தி சொன்னார். நியாயம். முதலில் எழுத்தில் ஆதாரம் கேட்டது நான்தான்.

பங்குக் கோயிலின் பொன்விழா மலருக்கு, இந்த வட்டாரத்தில் மறைந்துபோன சின்ன விமானத் தளங்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னபோது, நூலகர் என்ற திமிரில் ஒப்புக்கொண்டேன். போர்க்காலத்தில் அவசரமாகப் போட்டு, போர் முடிந்ததும் கைவிட்ட ஓடுதளங்கள். சோழவரத்தில் கார்ப் பந்தயமாவது விட்டார்கள், மற்றவற்றில் பலவற்றுக்கு ஒரு கல்கூட அடையாளமில்லை. பாரிவாக்கத்திலும் ஒன்று இருந்தது, எட்டு வயதில் அதில் விமானம் இறங்கியதைப் பார்த்தேன் என்று நீங்கள் சொல்வது எந்த வரைபடத்திலும் இல்லை. உங்களைவிட மூன்று வயது மூத்த அப்பாவும் சாகும்வரை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு, 'செவிவழிக் கதை' என்று முப்பத்துநாலாம் பக்கத்தில் எழுதினேன். மலர் வெளியீட்டுக்கு நீங்கள் புதுச் சட்டை போட்டு வந்து முன்வரிசையில் எழுந்து நின்று, "பிளேனைக் காத்து தூக்கிடாம இருக்க தரையில இரும்பு வளையம் பதிச்சு, கயிறு போட்டுக் கட்டுவாங்க" என்றீர்கள். நான், "விமானம் என்ன எருமையா சித்தப்பா, கட்டிப்போட?" என்றேன். மண்டபமே சிரித்தது. நீங்கள் பிரியாணித் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

இன்று காலை வாசலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பள்ளம் தோண்ட ஜேசிபி வந்தது. நாலடி மண் எடுத்ததும் ஒரு சத்தம். ஓட்டுநர் ஜம்புலிங்கம் இறங்கி வந்து, "இன்னாம்மா, ஊட்டுக்கு அடியில ரோடு போட்டு வெச்சிகீற? வண்டிப் பல்லு பூட்ச்சி" என்றார். பழைய நெற்களமாக இருக்கும் என்றேன். அப்போதும் விடவில்லை நான். "ஓரத்தப் பாரும்மா, நெல்லு காயவைக்க ஒன்ற அடி கனத்துக்கா காங்கிரீட் போடுவான்? யானையக் காயவெச்சாங்களா?" என்றார் அவர். பக்கத்து வீட்டு ஐடி பெண் ரோஷினி மாடியிலிருந்தே, "ஆன்ட்டி, கவர்மென்ட் லேண்டுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, எங்களுக்கு லோன் இன்னும் பதினாறு வருஷம் கீது" என்றாள். விழுப்புரத்துப் பெண், வந்து இரண்டு வருடத்தில் 'கீது' வந்துவிட்டது. மனைப்பிரிவு போட்டபோது மேலே மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள் போலும். ஜம்புலிங்கம் தண்ணீர் விட்டுக் கழுவினார். காங்கிரீட்டில் பதிந்து ஓர் இரும்பு வளையம் இருந்தது, என் முழங்கை கனத்துக்கு.

சித்தப்பா, நீங்கள் பார்த்தது உண்மை. நான் எழுதியது தப்பு. மலரைத் திரும்ப அச்சடிக்க மாட்டார்கள், மண்டபத்தைத் திரும்பக் கூட்டவும் முடியாது. நாளை பத்தரைக்கு உடைக்கும் இயந்திரத்தோடு வருகிறார்கள். அதற்கு முன் நீங்கள் ஒருமுறை இதன்மேல் நின்று பார்க்க வேண்டும், என்னையும் திட்ட வேண்டும். கடிதத்தைப் படமெடுத்துச் சித்தியின் வாட்ஸ்அப்புக்கு இப்போதே அனுப்புகிறேன்.

ஆண்டவர் உங்களுக்கு நீண்ட சுகமும் என்மேல் கொஞ்சம் பொறுமையும் தரட்டும். சித்திக்கு என் அன்பு.

தங்கள் மகள் முறை,
எழிலரசி

பின்குறிப்பு (என் பிரதியில் மட்டும், புதன்கிழமை): ஒன்பதரைக்கே சித்தப்பாவும் சித்தியும் ஆட்டோவில் வந்துவிட்டார்கள். சித்தப்பா பள்ளத்தின் விளிம்பில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இவ்ளோ பெரிசா இருக்கும்னு நெனைக்கல" என்றார்.

"நீங்கதான பாத்தீங்க?"

"நான் எங்க பாத்தேன். அன்னிக்கு எனக்கு அம்மை வார்த்து வேப்பிலையில படுத்துக் கெடந்தேன். உங்கப்பன்தான் ஓடிப் போய்ப் பாத்துட்டு வந்து ஜன்னல் வழியா சொன்னான். பதினஞ்சு நாள் சொன்னான். அப்புறம் எனக்கே பாத்த மாதிரி ஆயிடுச்சு."

"அப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"அவன் சொல்ற ஆளா?" என்ற சித்தப்பா, என் பக்கம் திரும்பி, "நீ கேக்கற ஆளா?" என்றார்.

அப்பா கடைசிப் பதினோரு வருடம் இந்த வீட்டில்தான் இருந்தார். சாயங்காலங்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது இதே வாசலில். நான் அவரைக் கேட்டதெல்லாம் மாத்திரை போட்டாரா என்றுதான். ஜன்னலில் அப்பா சொன்னதை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஜம்புலிங்கம் உடைக்கத் தொடங்கியதும் சித்தப்பாவின் குரல் பாதி கேட்கவில்லை. உடைந்த காங்கிரீட்டையும் வளையத்தையும் ஏற்றிக்கொண்டு ஒன்றரை மணிக்கு லாரி கிளம்பியது.