நிச்சயத் தட்டில் நியோடிமியம்

தனக்குத் தெரிந்ததை ஊருக்கே சொல்லியாக வேண்டும் என்று துடிக்கிற ஆளை நிச்சயதார்த்தத்துக்கு அழைத்துப் போகவே கூடாது. மாப்பிள்ளையே அவன்தான் என்றால் என்ன செய்வது? (நான்தான் அது.)

தாராவியில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரிக்கிற பட்டறையில் எனக்கு வேலை. ஹார்ட் டிஸ்கைக் கழற்றினால் உள்ளே வளைந்த காந்தம் ஒன்று இருக்கும். நியோடிமியம் என்ற உலோகத்தோடு இரும்பும் போரானும் சேர்த்துச் செய்தது. விரல் அகலம்தான், ஸ்பேனரில் ஒட்டிக்கொண்டால் பிடுங்குவதற்குள் மூச்சு வாங்கும். நியோடிமியத்தை அருமண் உலோகம் என்கிறார்கள். அரிது என்பது பெயரில்தான். இயர்போனில் இருக்கிறது, பேட்டரி வண்டியின் மோட்டாரில் இருக்கிறது, காற்றாலையில் இருக்கிறது. கண்ணாடியில் கலந்தால் ஊதா நிறம் தருமாம். இதையெல்லாம் படித்ததிலிருந்து எனக்குச் சாமி வந்த மாதிரிதான். லோக்கல் ட்ரெயினில் நான் விளக்கியதைக் கேட்டு, கிடைத்த சீட்டை விட்டு ஒருவர் எழுந்தே போனார்.

நிச்சயம் செம்பூரில், பெண் வீட்டில். பட்டறையில் என்ன செய்கிறீர்கள் என்று பெண்ணின் அப்பா கேட்டார். பழைய சாமான் பிரிக்கிறேன் என்று சொல்ல வெட்கம். சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன். (ஆமாம், கொண்டு போயிருந்தேன்.) அசல் தங்கம் இதற்கு அசையாது பாருங்கள் என்று, பெண்ணுக்குப் போட அம்மா பித்தளைத் தாம்பாளத்தில் வைத்திருந்த சங்கிலிக்குப் பக்கத்தில் நீட்டினேன். அம்மா வருஷக்கணக்கில் இட்லி விற்று வாங்கிய சங்கிலி அது.

சங்கிலி எழுந்து வந்து காந்தத்தில் டிக்கென்று ஒட்டிக்கொண்டது.

"என்னவே இது, நக்லியா? போலி நகையா?" என்றார் பெண்ணின் சித்தப்பா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் மாமா என் காதில் சொன்னதை அடைப்புக்குறிக்குள்கூட எழுத முடியாது. கல்யாணம் அதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது கல்யாணப் பெண் செல்வி எழுந்து வந்தாள். அவளுக்கு மாட்டுங்காவில் ஒரு வாட்ச் கடையில் ரிப்பேர் வேலை. என் கையிலிருந்து காந்தத்தை வாங்கி, சங்கிலி முழுக்க மெதுவாக நகர்த்தினாள். எதுவும் அசையவில்லை. கொக்கி வந்ததும் மறுபடி ஒட்டியது.

"கொக்கிக்குள்ள குட்டி ஸ்பிரிங் இருக்கு, அது ஸ்டீலு. தங்கம் அசலுதான், அத்தை. காந்தமும் பொய் சொல்லல. இவங்கதான் முழுசாப் பாக்கல."

தங்கத்துக்குள் மறைந்திருந்த கடுகளவு இரும்பை அந்தக் காந்தத் துண்டு கண்டுபிடித்திருக்கிறது. வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தபோதும் எனக்கு மெய்சிலிர்த்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சங்கிலியைத் தானே செல்வியின் கழுத்தில் போட்டாள்.

இப்போது எங்கள் இரு வீட்டிலும் எந்த நிச்சயம் என்றாலும், தட்டு வைக்கும் முன் யாராவது என் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. போன மாதம் செல்வியின் தங்கைக்கு நிச்சயம். அன்று தடவிப் பார்த்தது என் அம்மா.

இருந்தது.