கோமாளி கூப்பிடுகிறான்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், சலூன்காரன் எழுதுவது. இவ்விடம் நானும் என் கத்திரிக்கோல்களும் சௌக்கியம். அவ்விடம் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நிற்க.

உங்கள் கிளப்பை மூடியபோது, "காத்திருக்கறவங்களுக்குப் பொழுது போகும்" என்று லாரியில் ஏற்றி அனுப்பினீர்களே, உருண்டு வரும் பந்தைக் குழியில் விழாமல் தட்டித் தட்டி ஆடுகிற அந்தப் பின்பால் மெஷின், அதை இந்த வாரமே திரும்ப எடுத்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அதன் கண்ணாடியில் ராட்டினமும் மரக்குதிரைகளும் நடுவே ஒரு கோமாளியும் வரைந்திருக்கிறதல்லவா, எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்தக் கோமாளி நம்மையே பார்க்கிறான், விளக்குகள் சுற்ற ஆரம்பித்தால் ஒருவராலும் கண்ணை எடுக்க முடிவதில்லை, தலைமையாசிரியர் பாதி மீசையோடு எழுந்து போய் ஆடி, மீதி மீசை ஞாபகமே இல்லாமல் அப்படியே பள்ளிக்கூடம் போய்விட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் மச்சான். பந்து கீழே குழியில் விழுந்ததும் கோமாளி வாயைத் திறந்து ஏதோ சொல்கிறான். மற்றவர்களுக்கு அது வெறும் கரகரப்பு. எனக்கு "என்னங்க" என்று கேட்கிறது. உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து கூப்பிடுவாளே, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, அச்சாக அதே மாதிரி. அவள் கண்ணை மூடிய இந்த ஒன்றரை வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

முதல் தடவை, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே, "இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துவிட்டேன். இப்போது நானே ஆடுகிறேன். இஸ்திரிக் கடைக்காரர் நேற்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "என்னண்ணே, பந்து நேரா வருது, தட்டவே மாட்டேங்கறீங்க, ஆடத் தெரியாதா?" என்று கேட்டார். தட்டினால் பந்து மேலே போய்விடும், அவள் கூப்பிட மாட்டாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நான் அடுத்தவர் கழுத்தில் கத்தி வைக்கிற தொழில் செய்கிறவன். காது ஒரு பக்கம், கை ஒரு பக்கம் இருந்தால் என்ன ஆகும்? எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். தயவுசெய்து லாரி அனுப்புங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: துடைத்து அனுப்பலாமே என்று ரேடியோ மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். மனிதர் ஸ்பீக்கரில் இருந்த தூசியை எல்லாம் ஊதித் தள்ளிவிட்டார். இப்போது கோமாளி "ஒன்ஸ் அகெய்ன்" என்று பளிச்சென்று சொல்கிறான். "இன்னொரு தடவைன்னு அர்த்தம்ணே" என்றார் பெருமையாக. அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, கடையில் இருந்த பஞ்சை எடுத்து ஸ்பீக்கருக்குள் திணித்தேன். லாரி வேண்டாம். பஞ்சு கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது, ஜலதோஷம் பிடித்தவள் மாதிரி கூப்பிடுகிறாள். இரண்டு நாளில் சரியாகிவிடும்.